கெஸ்ட் பிளேயரை இறக்கிவிட்டு எங்கள் பிள்ளைகளை பென்ச்சில் வைப்பது சரியா? (12 வயதுக்குக் கீழ், கொழும்பு)

வெள்ளவத்தை அப்பா:

கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு 11 வயது, ஆறாம் ஆண்டு படிக்கிறான். ஒன்றரை வருடமாக ஓர் அக்கடமியில் உதைபந்து பழகுகிறான். பெயர் எழுதவில்லை, யோசனை கேட்கத்தான் வந்தேன், ஆளைக் காட்டிக்கொடுக்க இல்லை. செவ்வாய், வியாழன் பின்னேரம், ஞாயிறு விடிய ஆறரைக்கு. காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் நின்று போய்ச் சேர்ந்த நாட்கள் எத்தனையோ. மழை பெய்து மைதானம் சகதியாய்க் கிடந்தாலும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான், "இன்றைக்கு பிரக்டிஸ் இருக்கா என்று கேளுங்கள் அப்பா" என்று. பெரிய திறமைசாலி என்று சொல்லமாட்டேன். வலது கால் மட்டும்தான் வேலை செய்யும், ஓட்டமும் சுமார். ஆனால் ஒரு நாள் தவறியதில்லை.

போன சனிக்கிழமை ஒரு டோர்னமன்ட். பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு 12 நிமிடம். எங்கள் அணியில் பதிந்த பிள்ளைகள் 10 பேர், பத்துப் பேரும் வந்திருந்தார்கள். ஏழு மணிக்கு மைதானத்துக்குப் போனால் எங்கள் ஜேர்சியோடு முன்பின் தெரியாத மூன்று பிள்ளைகள் வோர்ம் அப் செய்துகொண்டு நிற்கிறார்கள். கோச்சைக் கேட்டேன். "கெஸ்ட் பிளேயர்ஸ், இன்றைக்கு மட்டும்" என்றார், அவ்வளவுதான்.

மூன்று பேரும் நன்றாகவே விளையாடினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூவரும் எல்லா மெட்ச்சிலும் கிட்டத்தட்ட முழு நேரமும் உள்ளே. என் மகன் முதல் மெட்ச்சில் கடைசி 3 நிமிடம், மூன்றாவதில் 4 நிமிடம். மற்ற இரண்டிலும் இறங்கவே இல்லை. நான் ஃபோனில் ஸ்டொப்வொச் போட்டுப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். நான்கு மெட்ச்சுக்கு 7 நிமிடம். அரையிறுதியில் தோற்றுவிட்டோம், அது வேறு.

என்ட்ரி ஃபீ என்று 2,500 ரூபாய் கட்டினேன், ஜேர்சிக்கு வேறாக. காசு பெரிய விஷயமில்லை என்று எழுத வந்தேன், ஆனால் பொய் சொல்லக்கூடாது, அதுவும் கொஞ்சம் குத்துகிறது.

வீட்டுக்கு வந்து ஜேர்சியைக் கழற்றி, தோய்க்கப் போடாமல் மடித்து அலுமாரியில் வைத்தான். அம்மா ஏன் என்று கேட்டதற்கு "ஊத்தையாகவில்லையே" என்றான். அழுதிருந்தால்கூட சமாளித்திருப்பேன்.

இது எல்லா இடத்திலும் நடப்பதுதானா? கோச்சோடு கதைக்கலாமா, கதைத்தால் அடுத்த முறை அந்த 7 நிமிடமும் போய்விடுமா? மனைவி வேறு இடம் பார்க்கச் சொல்கிறார்.

---

மருதானை 10:

2,500 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். நிமிடத்துக்கு 357 ரூபாய் வருகிறது, சுகததாச மைதானத்தில் டிக்கட் எடுத்து மெட்ச் பார்த்தாலே மலிவு.

---

மட்டக்குளி கோச்:

அண்ணா, நான் ஒரு சின்ன அணியைப் பழக்குகிறவன், சம்பளம் இல்லை, வார இறுதியில் மட்டும். உங்கள் கோச் யாரென்று தெரியாது. அவர் இடத்தில் நின்றும் கொஞ்சம் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

கெஸ்டை ஏன் கூப்பிடுகிறோம் என்றால், ஆள் வருமா என்பது கடைசி வரை தெரியாது. சனி விடிய டியூஷன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை என்றால் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரைக்கும் மறந்துவிடவேண்டியதுதான். ஞாயிறு என்றால் அறநெறி, மறைக்கல்வி, குர்ஆன் மத்ரஸா. தவணைப் பரீட்சை மாதத்தில் என்னிடம் 14 பேர் இருக்கிறார்கள் என்று பேர், மைதானத்தில் நிற்பது 5 பேர். வட்ஸ்அப்பில் "யார் யார் வருகிறீர்கள்" என்று கேட்டுப் போட்டால் நீல டிக் மட்டும் வரும், பதில் வராது. ஆள் போதாமல் போய் என்ட்ரி ஃபீயும் இழந்து, வந்த ஐந்து பிள்ளைகளையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. அதற்குப் பிறகுதான் நானும் தெரிந்த இடங்களில் இரண்டு பேரைச் சொல்லி வைக்கத் தொடங்கினேன்.

ஆனால் உங்கள் கதையில் பத்துப் பேரும் வந்திருக்கிறார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது, பிரித்துப் பாருங்கள். ஏழு பேர், 24 நிமிடம் என்றால் ஒரு மெட்ச்சில் பிரித்துக் கொடுக்க மொத்தம் 168 நிமிடம் இருக்கிறது. கோல்கீப்பரை யாரும் மாற்றுவதில்லை, அவனுக்கு 24 போகும். மிச்சம் 144. உங்கள் அணியில் கோல்கீப்பர் போக 9 பேர், ஆளுக்கு 16 நிமிடம். மூன்று கெஸ்டோடு 12 பேர், ஆளுக்கு 12. அதாவது கோச் தராசு வைத்துப் பிரித்திருந்தாலும் உங்கள் மகனுடைய 64 நிமிடம் நான்கு மெட்ச்சில் 48 ஆகியிருக்கும். அந்த 16 நிமிடம் கெஸ்ட் வந்ததால் போனது. 48 எப்படி 7 ஆனது என்பதற்கு அந்த மூன்று பிள்ளைகள் பொறுப்பில்லை, அது கோச்சின் வேலை.

மாற்றுவதற்கு வாய்ப்பில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரியவர்கள் மெட்ச் போல வெளியே வந்தவன் வந்ததுதான் என்பது சிறுவர்களுக்குக் கட்டாயமில்லை. விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபியே, அந்தந்த நாட்டுச் சம்மேளனம் விரும்பினால் சிறுவர் போட்டிகளில் வெளியே வந்தவனைத் திரும்ப இறக்கலாம் என்று விதிப்புத்தகத்தில் இடம் விட்டிருக்கிறது. நம்ம ஊர் ஏழு பேர் டோர்னமன்ட்டில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

நான் செய்வது இதுதான். பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு துண்டு கிழித்து, பாதிக்கு இரண்டு கட்டம், மெட்ச்சுக்கு நான்கு கட்டம் என்று கோடு போடுவேன். கட்டம் ஒன்று 6 நிமிடம், ஒவ்வொன்றிலும் ஆறு பெயர். 9 பேர் என்றால் மூன்று மெட்ச்சில் ஆளுக்கு 8 கட்டம் சரியாக விழும். இதை முதல் நாள் இரவே எழுதிவிடவேண்டும். மைதானத்தில் நின்று யோசித்தால் கை தானாக நல்லா விளையாடுகிறவன் பக்கம்தான் போகும், என் கையும் அப்படித்தான். கெஸ்டுக்கு வந்தவன் வராதவனின் கட்டத்தில்தான் விளையாடுவான். எல்லோரும் வந்துவிட்டால் அவனுக்கு மெட்ச்சுக்கு ஒரு கட்டம், அதை முன்கூட்டியே அவன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன். இப்படிச் செய்து கப் வென்றேனா என்று கேட்காதீர்கள்.

கதைக்கத்தான் வேண்டும். மெட்ச் அன்றைக்கு வேண்டாம், குரூப்பில் வேண்டவே வேண்டாம். பிரக்டிஸ் முடிந்து அவர் பந்துகளைப் பையில் போடும்போது தனியாகப் போய்க் கேளுங்கள். ஸ்டொப்வொச் கணக்கைத் தூக்கிக் காட்டாதீர்கள், எந்த கோச்சும் உடனே முறைத்துக்கொள்வார். "மகன் எதைத் திருத்தினால் இன்னும் கொஞ்ச நேரம் இறக்குவீர்கள்" என்று தொடங்குங்கள்.

அப்புறம் ஒன்று, அந்த வாரம் குரூப்பில் கேட்டதற்கு நீங்கள் எப்போது பதில் போட்டீர்கள்?

---

பழைய லெஃப்ட் விங்:

எனக்கு 58 வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, சிட்டி லீக் மைதானத்தில் முழங்கால் தேய்த்தவன். எங்கள் காலத்தில் வாங்கில் உட்காராமல் யாரும் பிளேயர் ஆனதில்லை. நான் 15 வயதில் ஒரு முழு சீசன் தண்ணீர்ப் போத்தல்தான் தூக்கினேன், ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை, என் அப்பா வந்து கோச்சிடம் கதைத்திருந்தால் வெட்கத்தில் கடலில் விழுந்திருப்பேன். அவருக்கு நான் எந்த அணி என்றே தெரியாது.

வெளியாள் இறக்குவதும் இன்றைக்கு நேற்று வந்ததில்லை. ஊருக்கு ஊர் நடக்கிற செவன் எ சைட்டில் பேர் ஒன்று, ஆள் ஒன்று. ஜாவா லேன், ரினவுன், சோண்டர்ஸ் என்று பெரிய கிளப்பில் இருக்கிறவனை ராவோடு ராவாகக் கூட்டிவந்து வேறு ஜேர்சி மாட்டிவிட்டு, விடிந்தால் எதிரணிக்காரன் அவனைப் பார்த்துக் கத்துவான், பிறகு அடிபாடு. வெளியாள் என்றாலே கள்ளன் என்றும் நினைக்கவேண்டாம். நம்ம பக்கீர் அலி 1980களில் டாக்கா போய் அபஹானி கிளப்புக்கு விளையாடி அங்கே பேர் வாங்கியவர். இப்போது தேசிய அணியிலும் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த நம்ம நாட்டு வம்சாவளிப் பிள்ளைகள் பலர் இறங்குகிறார்கள். இங்கே வருடக்கணக்காகப் பழகியவன் வாங்கில் இருந்து பார்க்கிறான், ஜெயித்தால் நாமும் கை தட்டுகிறோம்.

அதனால் பையனைப் பொறுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு மேலே அந்த ஜேர்சிக் கதையைத் திரும்ப வாசித்தேன். சரி, எனக்கு 15, உங்கள் பிள்ளைக்கு 11. நாங்கள் மெட்ச்சில் இறக்காவிட்டால் பின்னேரம் ஒழுங்கையில் இருட்டும் வரை விளையாடினோம், சுவரில் கோல் கீறி. இப்போது வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையில் பந்து உதைப்பது? கார் கண்ணாடி உடையும். அந்த டோர்னமன்ட்டில் கிடைப்பதுதான் அவனுக்கு மெட்ச். அந்தக் கோச் செய்தது பிழை.

---

தெமட்டகொட உம்மா:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன்தான் இப்படி "இன்றைக்கு மட்டும்" போகிற பிள்ளை. உங்கள் டோர்னமன்ட் இல்லை, வேறு.

எங்களுக்கு அக்கடமிக்கு மாதா மாதம் கட்ட வசதியில்லை. மகன் ஸ்கூல் டீமில் விளையாடுகிறான், மிச்ச நேரம் பக்கத்துக் கிறவுண்டில் பெரிய பையன்களோடு. யாரோ ஒரு கோச் பார்த்துவிட்டு நம்பர் வாங்கினார். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு கோல் வரும், "நாளைக்கு விடிய மகனை அனுப்ப ஏலுமா?" அவன் அதைக் கேட்டதும் நித்திரை கொள்ளமாட்டான். நல்ல புல் மைதானத்தில் விளையாட அவனுக்குக் கிடைக்கிற வாய்ப்பு அதுதான்.

போனால் ஜேர்சி முழங்கால் வரை தொங்கும். யாருக்கும் அவன் பேர் தெரியாது, "ஏய் மஞ்சள் சப்பாத்து, போல் தா" என்று கூப்பிடுவார்கள். ஒரு தடவை அரைவாசி மெட்ச் வரைக்கும் ஒரு பிள்ளையும் அவனுக்குப் பந்து கொடுக்கவில்லை, அவன் தானே பறித்து எடுத்ததுதான். லைனில் நின்ற ஒரு தாய் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இன்னொருவரிடம் "எங்கள் பிள்ளைகளின் இடத்தைப் பிடிக்க எங்கிருந்தோ கூட்டி வந்திருக்கிறார்கள்" என்று சொன்னார். நான் மீன் பணிஸ் வாங்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் இருந்தேன்.

பிறகு ஒருநாள் அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். என் மகனை வெயிலில் நான்கு மெட்ச்சும் உட்கார வைத்து, ஒரு நிமிடமும் இறக்காமல், த்ரீவீல் காசைக் கையில் தந்து அனுப்பினார்கள். அன்றைக்கு அவனும் பேசாமல்தான் வந்தான்.

நான் உங்களைக் குறை சொல்லவில்லை அண்ணா. உங்கள் மகனுக்கு 7 நிமிடம் தந்தது பாவம்தான். அந்த மூன்று பிள்ளைகளிடம் மட்டும் யாரும் முகத்தைக் காட்டவேண்டாம், அதுகளுக்கு இது ஒன்றும் தெரியாது.

---

கலிபோர்னியா ரிட்டர்ன்:

நாங்கள் ஆறு வருடம் கலிபோர்னியாவில் இருந்துவிட்டு இப்போது பம்பலப்பிட்டியில். மூத்தவன் அங்கே இரண்டு விதமாகவும் விளையாடினான், அதனால் சொல்கிறேன்.

முதலில் ஏவைஎஸ்ஓ என்ற அமைப்பில் சேர்த்தோம். 1964 இல் டொரன்ஸ் என்ற ஊரில் தொடங்கியது, தாய் தகப்பன்மாரே கோச். அவர்களுடைய முதல் விதியே எல்லோரும் விளையாடவேண்டும் என்பதுதான், வந்த பிள்ளை ஒவ்வொன்றும் குறைந்தது பாதி மெட்ச் உள்ளே இருக்கவேண்டும். கோச்சுக்கு இஷ்டமா இல்லையா என்ற கேள்வியே இல்லை. என் மகன் பந்து வருகிற திசைக்கு எதிர்த்திசையில் ஓடுவான், அவனுக்கும் பாதி மெட்ச் கிடைத்தது.

பிறகு அவனுக்கே ஆசை வந்து கிளப் ஒன்றுக்கு மாறினோம். அங்கே கதை வேறு. நிமிடத்துக்கு உத்தரவாதம் இல்லை, கெஸ்ட் பிளேயர் சர்வசாதாரணம். ஆனால் எழுத்தில் இருக்கும். ஓர் அணி எத்தனை கெஸ்ட் எடுக்கலாம் என்று டோர்னமன்ட் விதியில் போட்டிருப்பார்கள், பிள்ளைக்குப் பதிவு அட்டை வேண்டும், சில இடத்தில் சொந்த கிளப்பின் சம்மதமும். ஒரே டோர்னமன்ட்டில் இரண்டு அணிக்கு விளையாட பொதுவாக விடமாட்டார்கள். அப்படியிருந்தும் லைனில் நிற்கிற பெற்றோர் சண்டை இங்கே மாதிரியேதான், ஆங்கிலத்தில் நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று அங்கே எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. கெஸ்டாக வருகிற பிள்ளையில் பாதிப் பேரை கோச் அடுத்த சீசனுக்குப் பார்த்து வைக்கத்தான் கூப்பிடுகிறார். பரீட்சை அந்தப் பிள்ளைக்கு, ஆனால் மார்க்ஸ் குறைவது இருக்கிற பிள்ளைக்கு. உங்கள் கோச்சிடம் அதையும் நேராகக் கேளுங்கள்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற என் தம்பி சொல்வான், ஒன்டாரியோவில் 12 வயதுக்குக் கீழே புள்ளி அட்டவணையே வைப்பதில்லை என்று. பிள்ளைகள் எல்லாம் மனதுக்குள் கோலை எண்ணிக்கொண்டுதான் இருக்குமாம்.

---

மருதானை 10:

அந்த மூவரின் பிறப்புச் சான்றிதழை யாராவது பார்த்தீர்களா? போன வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு எதிராக 12 வயதுக்குக் கீழ் அணியில் ஒருவன் வந்தான், மெட்ச் முடிந்து மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போனான். பின்னால் அவன் அப்பா.

---

வெள்ளவத்தை அப்பா:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பிரக்டிஸ் முடிந்து, அந்த அண்ணா சொன்ன மாதிரியே, அவர் கோன்களைப் பொறுக்கும்போது போய்க் கதைத்தேன். நானும் நாலு கோன் பொறுக்கினேன், கை சும்மா இருந்தால் வாய் தடுமாறும் எனக்கு.

அவர் ஒன்றும் சொல்லாமல் ஃபோனை எடுத்துக் காட்டினார். செவ்வாய் இரவு கேட்டுப் போட்டிருக்கிறார். வியாழன் இரவு வரைக்கும் "வருகிறோம்" என்று போட்டது ஆறே ஆறு பேர். என் பதில் சனி விடிய 5.48 க்குப் போயிருக்கிறது. பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் நினைத்துக்கொண்டிருந்தேன், என் மகன் ஒரு நாளும் தவறாதவன், அவன் வருவான் என்று தெரியாதா என்று. ஆறு பேரை வைத்து ஏழு பேர் மெட்ச் எப்படி, அதனால் மூன்று பேரைச் சொல்லியிருக்கிறார். விடிந்து பார்த்தால் பத்துப் பேரும் வந்துவிட்டார்கள், வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லையாம். தெமட்டகொட அக்கா எழுதியதை வாசித்த பிறகு அதற்கு எனக்கும் பதில் இல்லை.

ஆனால் 7 நிமிடத்தை விடவில்லை. "சரி சேர், ஆள் கூடிவிட்டது, விளங்குகிறது. கூடின ஆட்களுக்குள் ஏன் பிரிக்கவில்லை?" என்றேன். கொஞ்ச நேரம் கோன்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு நின்றார். முதல் மெட்ச் வென்றதும் அரையிறுதிக்குப் போகலாம் என்று தோன்றிவிட்டது, அதற்குப் பிறகு வேறு ஒன்றும் தெரியவில்லை என்றார். சாக்குச் சொல்லாதது எனக்குப் பிடித்தது. பிஸ்கட் அட்டை விஷயத்தைச் சொன்னேன், சிரித்தார், செய்வாரா தெரியாது. இனி வியாழன் எட்டு மணிக்குள் பதில் போடாதவர்களின் பிள்ளைகளுக்கு இடம் நிச்சயமில்லை என்று அன்றிரவே குரூப்பில் போட்டார். முதல் ஆளாக நான்தான் கட்டைவிரல் போட்டேன்.

கலிபோர்னியா அக்கா சொன்னதும் பலித்துவிட்டது. அந்த மூவரில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வருகிறான், அரைக் கட்டணத்தில் சேர்த்திருக்கிறார்கள். மகனுக்கு அவனோடு ஒரே ஒட்டு, இடது காலால் உதைக்கச் சொல்லிக் கொடுக்கிறானாம். எனக்குத்தான் இன்னும் முழுதாக மனம் வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

வேறு இடம் பார்க்கவில்லை. ஆனால் ஒரு புதுச் சிக்கல். மட்டக்குளி அண்ணாவின் கணக்கை மனைவிக்கு நான் சத்தமாக வாசித்துக் காட்ட, மகன் அறைக்குள் இருந்து கேட்டிருக்கிறான். "கோல்கீப்பரை யாரும் மாற்றுவதில்லை" என்ற இடம் மட்டும்தான் அவன் காதில் விழுந்திருக்கிறது. இப்போது கோல்கீப்பராகப் போகிறேன் என்று நிற்கிறான். ஹோலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் பாய்ந்து பாய்ந்து விழுகிறான், கீழ் வீட்டுக்காரர் இரண்டு தரம் மேலே வந்துவிட்டார். 11 வயதுக்குக் கிளவுஸ் என்ன சைஸ்? புறக்கோட்டையில் நல்லதாகக் கிடைக்குமா?

---

மட்டக்குளி கோச்:

5 அல்லது 6 சரியாக வரும், ஆளையே கூட்டிக்கொண்டு போய் மாட்டிப் பார்த்து எடுங்கள், விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருக்கட்டும். ஆனால் அண்ணா, இதை அவனிடம் இப்போது சொல்லவேண்டாம், நாங்கள் கெஸ்டுக்கு அதிகம் தேடுவதே கோல்கீப்பரைத்தான்.